அந்துவான் கழுவிய மருந்துக் குழல்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கடைத்தெருவான லா ஷப்பேலில் பாத்திரம் கழுவியே வீடு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அந்துவான் ஒரு விரலைத்தான் நீட்டுவார். அந்த விரலும் தன் நெஞ்சைத்தான் தொடும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் கையில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அதைத் தவிர ஒரு கம்பளிச் சட்டை இருந்தது, அதுவும் இரவல். 1979 குளிர்காலத்தில் வந்து இறங்கி, மறுவாரமே கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றின் நிலவறையில் பாத்திரம் கழுவ நின்றார். பதினேழு வருடம் நின்றார். பிறகு சொந்தமாகப் பதினெட்டு நாற்காலி போட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்தார். சுகாதார அதிகாரிகள் மூன்று தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். மூன்று தடவையும் குறை தேடிக் களைத்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள். முதலாளி ஆன பிறகும் பிரியாணிக் குண்டான்களை அவரேதான் தேய்த்தார். வேறு யார் தேய்த்தாலும் அடியில் ஒரு கறுப்பு அவர் கண்ணுக்குத் தெரியும். அவர் தேய்த்ததில் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. இதில் மிகை எதுவும் இல்லை. அந்தக் கடையில் சாப்பிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

கடையை 2016இல் விற்றார். இனி மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்திருந்தார். மூன்றாம் வருடம் ரோசாலிக்கு மார்பில் கட்டி. அறுவையும் கீமோவும் சேர்ந்து கட்டியை ஒழித்தன. ஆனால் போகிற நோய் பாதங்களில் நெருப்பை வைத்துவிட்டுப் போனது. நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள். அரைத்த மிளகாயைப் பாதத்தில் அப்பிவிட்டு மேலே கம்பளி சுற்றியது போல இருக்கிறது என்பாள் ரோசாலி. போர்வை பட்டால் எரியும், செருப்புப் பட்டால் எரியும். படுத்துத் தூங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் என்று துண்டு துண்டாகத் தூங்குவாள். எந்த மாத்திரையும் பிடிக்கவில்லை.

2021 ஜூனில் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒன்று சொன்னார்கள். அரசாங்கம் சில நோயாளிகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்த மருந்து. காய்ந்த தழை. அதைக் கொளுத்திப் புகைப்பதில்லை. டார்ச் லைட் அளவுக்கு ஒரு கருவி, அதற்குள் விரலுறை போல ஒரு சின்னக் குழி, குழிக்கு மேல் ஒரு வலை. குழியில் தழையைப் போட்டால் கருவி பதமாகச் சூடு பண்ணும். வருகிற ஆவியை வாய்க்குழல் வழியாக இழுக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்போம், பலன் இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றார் டாக்டர்.

அது கஞ்சாதான், வேறென்ன? ஆனால் அந்தச் சொல்லை லா ஷப்பேலில் வாய்விட்டுச் சொன்னால் நான்கு கடை தாண்டித் திரும்பிப் பார்ப்பார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போன ரோசாலிக்கு அது நாக்கிலேயே வராது. வீட்டில் அதற்குத் துளசி என்று பெயர் வைத்தார்கள். கருவிக்குக் குழல் என்று பெயர். கேட்பவர்களிடம் மூச்சிரைப்புக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டார்கள்.

துளசி வேலை செய்தது. இரண்டாம் வாரம் ஒரு காலை அந்துவான் எழுந்து பார்த்தபோது ரோசாலி கட்டிலில் படுத்திருந்தாள். காலை நீட்டி, போர்வையோடு. செத்துவிட்டாளோ என்று ஒரு கணம் அவருக்கு உயிர் போய் வந்தது. மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். குறட்டை விட்டாள். அந்தக் குறட்டைக்காக அவர் காபியைக்கூடச் சத்தமில்லாமல் போட்டார்.

மூன்றாம் வாரம் குழலில் பிசின் கட்டியது. தழையிலிருந்து வடிகிற ஒரு பழுப்புப் பசை வலையிலும் குழியிலும் படிந்து, ஆவி வரும் வழியை அடைத்தது. சுத்தம் பண்ணுவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு குட்டித் தூரிகையும் ஆல்கஹால் புட்டியும் நான்கு பக்கத் தாளும் கொடுத்திருந்தார்கள். தாளை அந்துவான் அலமாரித் தட்டில் விரித்து, அதன் மேல் மிளகாய்த்தூள் டப்பாவை வைத்துவிட்டார். நாற்பது வருடம் கழுவியவருக்குக் கழுவத் தாள் போட்டுக் கொடுப்பதா?

பிசினை விரலில் தொட்டுப் பார்த்தார். இழுத்தால் நூல் விட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. இது பலாப்பால் அல்லவா! பலாப்பழம் அரியும்போது கத்தியிலும் கையிலும் ஒட்டுகிற பிசின் எந்தச் சோப்புக்கும் மசியாது. எண்ணெய் ஒரு சொட்டுப் போதும், கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடும். இது தெரியாமல் வெள்ளைக்காரன் தூரிகை கொடுக்கிறான். துணியில் நல்லெண்ணெய் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிசின் கழன்று வந்தது. குழி பளபளத்தது. மறுபடி ஒட்டாமல் இருக்கட்டும் என்று தோசைக்கல்லுக்குத் தடவுவது போல மெல்லிசாக ஒரு பூச்சும் விட்டார். இனி சனிக்கிழமைதோறும் குழல் கழுவுவது தன் பொறுப்பு என்று ரோசாலியிடம் சொல்லிவிட்டார். எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை. தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்?

ஆவி போன பிறகு மிஞ்சுகிற தழையையும் அவர் எறியவில்லை. வறுத்த கொத்தமல்லி போலப் பழுப்பாக இருக்கும் அதை ஒரு ஜாம் புட்டியில் சேர்த்தார். சாப்பாட்டுக் கடைக்காரன் எதை எறிவான்? காபிப் பொடியில் இரண்டாம் டிகாஷன் இறக்கியதில்லையா, அதுபோல இதிலும் சத்து மிச்சம் இருக்கும். மருந்துக் கடை வேலைநிறுத்தம், அது இது என்று வந்தால் உதவும் என்பது அவர் கணக்கு. ஒருநாள் அதில் ஒரு சிட்டிகை போட்டும் கொடுத்துப் பார்த்தார். ரோசாலி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தீய்ந்த பாப்கார்னை எனக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று குழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் புட்டி நிறைந்துகொண்டே வந்தது. அவளுக்கு அதைப் பார்த்தாலே நடுக்கம்.

“என்னாங்க, நாளைக்கு சாமியார் வீட்டுக்கு வந்து இன்னா இதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? சீரகத்தூள்னா?”

“அவருக்கும் கால் வலிச்சா ரெண்டாம் டிகாஷன் போட்டுக் கொடுத்துடலாம்” என்றார் அந்துவான்.

ஆகஸ்டு வந்தது. ரோசாலி இருமத் தொடங்கினாள். தொண்டை காந்துகிறது, தலை கனக்கிறது என்றாள். குழலில் ஆவி குறைந்தது. வந்த கொஞ்சமும் கசந்தது. அந்துவான் இன்னும் நன்றாகக் கழுவினார். வாரம் ஒன்று என்பது இரண்டாயிற்று, பூச்சும் இரண்டாயிற்று. கீழே காய்கறிக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து ஜெகதீஸ்வரி முருங்கைக்காய் கொடுக்க வந்தவள், வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

“அண்ணை, இஞ்சை நல்லெண்ணெய் கருகிற மணம் வருது. அக்கா சமைக்கிறாவோ, நீங்கள் சமைக்கிறியளோ?”

தன் அடுப்பில் எதுவும் கருகிய சரித்திரம் இல்லை என்று சொல்லி அந்துவான் முருங்கைக்காயை வாங்கிக் கதவைச் சாத்தினார். அதோடு விட்டிருக்கக் கூடாது. யோசித்திருக்க வேண்டும். கெட்டிக்காரத்தனத்தில் ஊறியவனுக்கு யோசனை பிந்தித்தான் வரும்.

செப்டம்பரில் ரோசாலி மறுபடி நாற்காலிக்குப் போய்விட்டாள். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாதச் சந்திப்பு. புறப்படும்போது ஜாம் புட்டியைப் பையில் போட்டவள் அவள்தான். மருந்தை நிறுத்தினாலும் தொடர்ந்தாலும் இது இனிமேல் வீட்டில் இருக்கக் கூடாது, அங்கேயே கொடுத்துவிட வேண்டும் என்றாள்.

டாக்டர் கேட்டார், ரோசாலி சொன்னாள். முதல் மாதம் நன்றாக இருந்தது, பிறகு இருமல், பிறகு எரிச்சல் திரும்பிவிட்டது. டாக்டர் தட்டச்சு செய்துகொண்டே தலையை ஆட்டினார். பலனும் இல்லை, நுரையீரலுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்துவதுதான் நல்லது என்றார். வேறு மருந்து இருக்கிறதா என்று ரோசாலி கேட்டாள். அவர் பழைய மருந்துப் பட்டியலைத் திரையில் மேலும் கீழும் உருட்டினார். ரோசாலி முகக்கவசத்தைச் சரிசெய்வது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அறையில் மெலானி என்ற மருந்தாளுநரும் இருந்தாள். பக்கத்துப் புறநகரான பொண்டியில் பிறந்து வளர்ந்த புதுச்சேரிக் குடும்பத்துப் பெண். தமிழ் காதில் விழுந்தால் புரியும். பதில் பிரெஞ்சில்தான் வரும். நடுவில் ஏதாவது மாறியதா, கருவியை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

“அதெல்லாம் எங்க வூட்டுக்காரர் பார்த்துக்குவாரும்மா. கழுவுற வேலையில அவரை அடிச்சிக்க ஆள் இல்லை” என்றாள் ரோசாலி. மூக்கு அடைத்திருந்த அந்தக் குரலிலும் ஒரு பெருமை இருந்தது.

ரோசாலி பையிலிருந்து ஜாம் புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

மெலானி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடி பார்த்தாள். அந்துவானும் அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தார். அடியில் இருந்த தழை உதிரியாக, பழுப்பாக இருந்தது. அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் இருண்டு, மேல்பாதி கறுத்து, கட்டிகட்டியாகி, கண்ணாடியில் எண்ணெய்த் தடம் விட்டிருந்தது. பிரியாணிக் குண்டான் அடி எந்த வேளையில் பிடித்தது என்பதைச் சுரண்டலைப் பார்த்தே சொல்லக்கூடிய மனிதர் அவர். யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பழுப்பு மாறிய இடம் முதல் சனிக்கிழமை.

சும்மா இருந்திருக்கலாம். தாளில் சொன்னபடி ஆல்கஹாலில்தான் கழுவினேன் என்று ஒரு பொய்யும் சொல்லியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? மூன்று சுகாதார அதிகாரிகள் முன்னால் குனியாத தலை அது. பக்கத்தில் ரோசாலி, செருப்பிலிருந்து காலை வெளியே எடுத்து, குளிர்ந்த தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மருந்து மேல தப்பு இல்லைம்மா” என்றார் மெலானியிடம், தமிழிலேயே. “நான்தான் எண்ணெய் போட்டேன். நல்லெண்ணெய். டாக்டர்கிட்ட சொல்லு. நிறுத்த வேணாம்னு சொல்லு.”

மெலானிக்குத் தெரிந்த தமிழ் ஒரு சொல்லாக வெளியே வந்தது. “ஏன்?”

அந்துவான் பலாப்பாலைச் சொன்னார். மெலானி முகக்கவசத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவள் வீட்டிலும் பலாக் கத்திக்கு எண்ணெய்தான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் விளக்கினாள். பலாப்பழம் எவ்வளவு பெரியது என்று கையை விரித்தும் காட்டினாள். அந்தத் தோசைக்கல் பூச்சுத்தான் சூட்டில் கருகி வலையில் வார்னிஷ் போல இறுகியிருக்கிறது, அந்த அம்மா இரண்டு மாதமாக இழுத்தது மருந்தை அல்ல, எண்ணெய்ப் புகையை என்று சொன்னாள். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெய் நுரையீரலுக்குள் போவது விளையாட்டு அல்ல என்று அந்துவானை ஒரு பார்வை பார்த்தார். உடனே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். அந்த முக்கால் மணி நேரம் நடையில் உட்கார்ந்திருந்ததுதான் அந்துவான் தன் வாழ்நாளில் வாங்கிய பெரிய தண்டனை. ரோசாலி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நுரையீரல் சுத்தமாக இருந்தது. அந்துவான் தேய்த்த குண்டான் மாதிரி என்று அவரே சொல்லியிருப்பார், அன்றைக்குச் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தவில்லை, இருமல் தணியப் பத்து நாள் விட்டுப் புதுக் குழலில் மறுபடி தொடங்கலாம் என்றார் டாக்டர். ஜாம் புட்டியை மெலானி வாங்கி, எரித்து அழிக்கிற பெட்டியில் போட்டாள். ஒரு தடவை சூடு பட்ட தழையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது, அளவு தெரியாத மருந்து மருந்தே அல்ல என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். ஆல்கஹால், தூரிகை, நன்றாக உலர்த்துவது, வலை போனால் புது வலை. வேறு எதுவும் குழலைத் தொடக் கூடாது. அந்துவான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பத்து நாள் கழித்து, மெலானியின் கண் முன்னாலேயே, ரோசாலி புதுக் குழலில் தன் அளவை இழுத்தாள். அரை மணி காத்திருந்தார்கள். இருமல் வரவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

மெத்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. பிகால் நிலையத்தைத் தாண்டும்போது ரோசாலியின் தலை அவர் தோளில் சாய்ந்தது. முதலில் களைப்பு என்று நினைத்தார். பார்பேஸில் வண்டி பாலத்தின் மேல் ஏறி வெயில் உள்ளே விழுந்தது. அவள் கண் திறக்கவில்லை. முகக்கவசம் மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது, ஒரே சீராக. கால் இரண்டும் செருப்புக்குள்ளேயே இருந்தன.

அடுத்தது லா ஷப்பேல். கதவு திறந்தது. பைகளோடு பாதி வண்டி இறங்கியது. ஏறிய ஜெகதீஸ்வரி இவர்களைப் பார்த்து, அண்ணை, உங்கடை ஸ்டேஷன் எல்லோ என்று கேட்க வாயெடுத்தாள். அந்துவான் உதட்டில் விரலை வைத்தார். கதவு மூடியது. ஸ்டாலின்கிராத், ஜோரேஸ், பெல்வில் எல்லாம் போயின. அவருடைய தோள் மரத்துப்போனது, அசைக்கவில்லை. கடைசி நிறுத்தமான நாசியோனில் ஊழியர் வந்து இறங்கச் சொல்லும் வரை அந்துவான் அப்படியே உட்கார்ந்திருந்தார்.