நண்டுத் தீவில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை

கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் இருக்கும் புலாவ் கெத்தாம், அதாவது நண்டுத் தீவு, என் நெடுநாள் பித்து. தீவு என்றாலும் காலூன்ற நல்ல மண் கிடையாது. அலையாத்திக் காடும் சேறும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த சீன மீனவர்கள் சேற்றில் மரக்கால்களை நட்டு, அவற்றின்மேல் வீடு, கடை, கோயில் எல்லாம் கட்டிக்கொண்டார்கள். எந்த ஆண்டு என்பதில்தான் புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு மாறுகிறது.

என் மனைவிக்கு ஆண்டு முக்கியமில்லை. "அந்தத் தீவு நண்ட என்னைக்குத்தான் கண்ணுல காட்டப் போறீங்க?" என்பாள். மகளின் பிரசவத்துக்காக அவள் பெர்த் நகரத்துக்குப் புறப்படச் சில நாள்களே இருந்தன. திரும்பி வர மாதங்கள் ஆகும். கடல் வற்றினால் வீடுகளுக்கு அடியில் சேறும் குப்பையும்தான் தெரியும் என்பதால், நண்பகலில் நீர் ஏறும் ஒரு சனிக்கிழமையை அட்டவணை பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து துறைமுகம்வரை ரயில், பிறகு படகு. படகு கிளம்பிய பிறகுதான் அவள் கூந்தலில் துளசியைக் கவனித்தேன்.

"கோயிலுக்குப் போனியா?"

"புரட்டாசி சனிக்கிழமைங்க. பெருமாள பாக்காம வருவேனா?"

கடலின் நாளைப் பார்த்தவன் பெருமாளின் மாதத்தைப் பார்க்கவில்லை. "முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா அடுத்த வருசம்னு தள்ளிருவீங்க லா. நீங்க நண்டு சாப்பிடுங்க. எனக்கு வெறும் சோறு போதும்."

"நானும் விரதந்தான்."

"காலையில முட்டை ரொட்டி சாப்பிட்டது யாரு?"

"அது தெரியாம."

தீவில் கடைக்குக் கடை தொட்டிகளில் நண்டுகள் ஊர்ந்தன. அவள் ஒரு தொட்டியருகே சற்று அதிகமாகவே நின்றாள். மீன், இறால், முட்டை எதுவும் படாத சாப்பாடு உண்டா என்று கேட்டபோது எல்லாரும் கையை விரித்தார்கள். ஊருக்குப் போகிறவளைப் பட்டினியாகத் திருப்பிக் கூட்டிப்போவதா என்று அடுத்தடுத்த கடைக்கு நடந்தேன்.

கடைசிக் கடையில் மஞ்சள் கொடி தொங்கியது. வெள்ளை உடையில் இருந்த கடைக்காரப் பெண்மணி நாங்கள் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"சாயா பூன் மாக்கான் சாயூர் லா!"

அவரும் சைவம்தானாம். சீனர்கள் கொண்டாடும் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா. ஒன்பது நாள் விரதம். கடைக்கு வருகிறவர்களுக்கு நண்டு சமைத்துக்கொடுத்துவிட்டு, தனக்கென்று தனிச் சட்டி வைத்திருந்தார். அதில் மீஹூன் என்ற அரிசிச் சேமியாவும் தாவு என்ற சோயாக் கட்டியும் காளானும் போட்டு வதக்கி எங்களுக்கும் வைத்தார். பலகைத் தரைக்கு அடியில் நீர் ஏறி வந்துகொண்டிருந்தது.

"நல்லாருக்குங்க. கொஞ்சம் மிளகாய்ச் சம்பால் கேளுங்க."

"சம்பால்ல பெலாச்சான் இருக்கும். இறாலு."

"அப்ப வேணாம். இன்னொரு தட்டு கேளுங்க."