இறக்கை ஒடிந்த ஆள்காட்டி

நாற்பத்தைந்து வயதில்தான் ஸ்கூட்டர் ஓட்டப் பழகினேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்தாள். ஆண்டர்சன்பேட்டைக்கு வெளியே, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே இருந்த கல்தரையில் மூன்றாவது ரவுண்டு வந்தபோது, ஓர் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே என் முன்னால் விழுந்தது. அதன் ஓர் இறக்கை தரையில் இழுபட்டது.

"ஐயோ, ஏத்திட்டேன் ஸ்டெல்லா!"

வண்டியை நிறுத்திவிட்டு, அழுதபடியே அதன் பின்னால் ஓடினேன். கைக்கெட்டும் தூரத்தில் நொண்டிக்கொண்டே போன குருவி, கொஞ்ச தூரம் தாண்டியதும் விர்ரென்று பறந்துவிட்டது.

ஸ்டெல்லா சிரித்தாள். "இன்னாக்கா, ஏமாந்துட்டீங்களா? அதுக்கு ஒண்ணும் ஆவல. முட்டைகிட்ட போவக் கூடாதுன்னு உங்கள இழுத்துக்கினு போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த வழியே திரும்பித் தேடினேன். என் டயர் தடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கூழாங்கற்களுக்கு நடுவே கூழாங்கற்களைப் போலவே நான்கு முட்டைகள். மூன்று முறை கடந்தும் என் கண்ணில் படவில்லை.

மறுநாளிலிருந்து வேறு இடத்தில் பழகினோம். சில வாரங்கள் கழித்து தூரத்தில் நின்று பார்த்தபோது, அங்கே கற்கள் எழுந்து ஓடின. குஞ்சுகள்!

எங்கள் ஊரில் இனி வெறும் மண்மேடுதான் மிச்சம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போது சொல்வதில்லை.