ஒரு விரல் கூடுதல்

பீங்கான் யூனிட்டில் பதினோரு வருடம் பொம்மை செய்தவள் நான். ஈர மண்ணில் செய்கிற எதுவும் காய்ந்து, சூளைக்குப் போய் வருவதற்குள் சுருங்கிவிடும். அதனால் எதையும் வேண்டிய அளவைவிட ஒரு விரல் பெரிதாகச் செய்ய வேண்டும். விருத்தாசலத்தில் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது அதுதான். அது என் கையில் ஊறிப்போயிருந்தது. ஊறிப்போனது எனக்கே தெரியாததுதான் வினை.

போன வருடம் மூச்சிரைப்பு அதிகமானதும், டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, மண் தூசி ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி நல்லவர். "ரெண்டு மாசம் வூட்டுல இருந்து பாரும்மா. ஒன் பெஞ்ச யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் எனக்கு அது ஆறுதலாக இல்லை. மண்ணை விட்டால் வேறு என்ன தெரியும் உனக்கு என்று அந்தப் பெஞ்சே கேட்பதுபோல் இருந்தது. பயமாக இருந்தது.

போனில் வீடியோ பார்த்துப் பட்டு நூலிலும் ரிப்பனிலும் நகை செய்யக் கற்றுக்கொண்டேன். சாமான் எல்லாம் ஜங்ஷன் ரோட்டு ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைத்தது. ஆரம்பத்தில் கடையில் விற்கிற பிளாஸ்டிக் வளையல்மேல் நூல் சுற்றினேன். வளையலின் அளவு கடைக்காரர் பாடு என்பதால் தப்பு வர வழியில்லை.

பிறகுதான் எதிர்வீட்டு ஆர்டர் வந்தது. அப்பா குவைத்தில் வேலை பார்க்க, அம்மாவும் மகளும் இங்கே இருக்கிற வீடு. மகளுக்குக் கல்யாணம். நிக்காஹ்வுக்குத் தங்கம், மருதாணி போடுகிற நாளைக்கு மட்டும் பச்சைத் துணிப்பூவில் செட்டு வேண்டும் என்று அந்தப் பெண் போனில் படம் காட்டினாள். நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, மூன்று விரல் அகலத்தில் கைக்கு ஒரு வளையல். அவ்வளவு அகலம் கடையில் இல்லை. அட்டையை வெட்டி வளைத்து நானேதான் செய்தாக வேண்டும். அதே தெருவில் இன்னும் இரண்டு கல்யாண வீடுகள் இருந்தன. இது நன்றாக வந்தால் அவையும் எனக்கு வரும், சொதப்பினால் திரும்பவும் பெஞ்சுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மருதாணி அன்று மதியம் டப்பாவோடு போனேன். நெற்றிச்சுட்டி புருவம் தாண்டித் தொங்கியது. ஜிமிக்கி தோளைத் தொட்டது. "பெருசா போடுறதுதான் ஆன்ட்டி இப்ப ஃபேஷன்" என்று மணப்பெண் என்னைத் தாங்கிப் பேசினாள். வளையலைப் போட்டுக் கையை இறக்கினாள். அது கழன்று விழுந்து, உருண்டு, கட்டிலுக்கடியில் போய்விட்டது.

"அளவு வளையலு குடுத்தனேம்மா?" என்றார் அவள் அம்மா.

கொடுத்திருந்தார். அதை என் வளையலுக்குள் வைத்துப் பார்த்தேன், தாராளமாகச் சுற்றியது. தாளில் அளவை வரைந்தபோது ஒரு விரல் கூட்டியிருக்கிறேன், அட்டையை வெட்டியபோது இன்னொரு விரல். "யூனிட்டு பழக்கம்க்கா. சூளைக்குப் போனா சுருங்கிடும்னு கை அதுவா கூட்டிடுச்சு" என்றேன். அட்டையைச் சூளையில் வைத்தால் சாம்பல்தான் வரும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"சரி, வுடு. கண்ணாடி வளையலு இருக்குது, அதப் போட்டுக்கட்டும்" என்றார் அந்த அக்கா. திட்டியிருந்தால் தேவலை. கட்டிலுக்கடியில் குனிந்து வளையலை எடுத்து, டப்பாவில் வைத்து மூடினேன்.

திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த மெகந்தி போடுகிற பெண் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். மணப்பெண்ணின் சட்டை முழுக்கை, வழுக்குகிற துணி. மடித்து மடித்து விட்டாலும் இறங்கியது. மூன்றாவது முறை இறங்கியபோது மணிக்கட்டில் போட்ட பூவை இழுத்துக்கொண்டு போனது. ஊக்கு குத்தினால் துணி கிழியும் என்றார் அம்மா. "இப்பிடி எறங்குனா நான் எப்பிடிங்க போடறது?" என்று மருதாணிக் கூம்பைக் கீழே வைத்தாள் மெகந்திக்காரப் பெண்.

மணப்பெண் என் டப்பாவைப் பார்த்தாள். "ஆன்ட்டி, அந்த வளையலக் குடுங்க."

அவளுடைய ஈரக் கையில் படாமல் வளையலை நுழைத்து, முழங்கைக்கு மேலே மடித்துவிட்ட துணிமீது ஏற்றினேன். அங்கே கச்சிதமாக நின்றது. மறுகைக்கும் அப்படியே. சட்டை இறங்கவில்லை. இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணி ஏறியது. மருதாணி போடுகிற அன்று மணிக்கட்டில் வளையல் போட முடியாது என்பது அங்கிருந்த யாருக்குமே முதலில் தோன்றவில்லை. படம் எடுத்துக் குவைத்துக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும்போது மெகந்திக்காரப் பெண் கேட்டாள்: "நான் போற வூட்டுலல்லாம் இந்தக் கை மடிக்கிற தொல்லதான் இருக்குது. இதே அளவுல எனக்கு ஆறு ஜோடி செஞ்சி தர முடியுமாக்கா?"

அன்று சாயங்காலம் மேஸ்திரிக்கு போன் போட்டு, என் பெஞ்சை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

"புது வேல நல்லா கத்துக்கிட்டியாம்மா?"

"இன்னும் இல்லீங்க. ஒங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் ஓடுது."

"மாத்திரய மட்டும் வுட்டுடாத" என்றார்.