பத்தொன்பது நொடிக்காரி

சட்டைக் கம்பெனியின் மூன்றாவது லைனில் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி என்று நினைத்துவிட வேண்டாம், நல்ல வாட்டசாட்டமான ஆள். சுருக்கென்று பேசுவாள், அது ஒரு காரணம். இருபத்திரண்டு வருஷமாகக் காலர் ஓரம் தைப்பவள், அது இன்னொன்று. காலரைத் திருப்பி, முனையைக் குத்தி எடுத்து, விளிம்பிலிருந்து ஒரு நூல் பிசகாமல் சுற்றித் தைத்து வெட்டிப் போட அவளுக்குப் பத்தொன்பது நொடி ஆகும். காலை எட்டரைக்கும் பத்தொன்பதுதான், சாயங்காலம் ஐந்தேகாலுக்கும் பத்தொன்பதுதான். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு பின்னால் நின்று பதினாலு காலர் பார்த்துவிட்டு, வாட்ச்தான் கெட்டுப்போய்விட்டது என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாராம்.

அந்தக் கைதான் அவளுக்கு வினையாக வந்து முடிந்தது.

ஐந்து வருஷமாக அவள் போனில் ஒரு விளையாட்டு விளையாடினாள். கோட்டைவாசல் என்று பெயர். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், நடுவில் ஒரு கோட்டை. எதிராளியைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே போய், அணியில் உயிரோடு மிஞ்சியவர்கள் எல்லோரும் வாசலில் பத்து நொடி சேர்ந்து நின்றால் ஜெயம். பன்னிரண்டு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பஸ்ஸில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒன்று, வீட்டில் உலை கொதிக்கிற நேரத்தில் ஒன்று.

அவள் தைத்த லட்சக்கணக்கான காலர் யார் யார் கழுத்திலோ ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றிலாவது அவள் பெயர் உண்டா? கம்பெனிப் பெயர்தான் உண்டு. ஆனால் கோட்டைவாசலின் முதல் பத்துப் பேர் பட்டியலில் ‘ஊசி’ என்று எழுதியிருக்கும். தினமும் ஒரு தடவையாவது அதைத் திறந்து பார்ப்பாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கென்று எழுதி வைத்திருந்த ஒரே இடம் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை அதை அழித்துவிட்டார்கள்.

கடிதம் வந்தது. ‘உங்கள் ஆட்டம் மனிதக் கைகளால் ஆடப்பட்டதல்ல என எமது கண்காணிப்பு முறை கண்டறிந்துள்ளது. சுடும் இடைவெளி மனித இயல்புக்கு மாறாகச் சீராக உள்ளது. கணக்கு நிரந்தரமாக முடக்கப்படுகிறது.’ ஆளே இல்லாமல் தானாக ஆடுகிற நிரலுக்கு பாட் என்று பெயர். காசு கொடுத்தால் கிடைக்கும் அந்தத் திருட்டுச் சரக்கோடு அவளையும் சேர்த்துவிட்டார்கள். அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘ஏமாற்றியவர்’ என்று வேறு ஒட்டிவிட்டார்கள், ஊரே பார்க்க.

ஒன்பது முறை மேல்முறையீடு எழுதினாள். ஒன்பதுக்கும் நாலே நொடியில் அதே பதில். கடைசியில் தான் காலர் தைப்பதைப் படம் எடுத்துக்கூட அனுப்பினாள். அதற்கும் நாலு நொடிதான். படமே மூன்று நிமிஷம் ஓடும்! மனிதக் கை எது என்று தீர்ப்புச் சொன்ன இடத்தில் ஒரு மனிதக் கைகூட இல்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். அணித் தலைவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் எங்கோ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், இவளைவிடப் பத்து வயது சின்னவர். நாலு வருஷம் ‘அக்கா அக்கா’ என்று காதில் தேன் ஊற்றியவர். அவரே போன் செய்தார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மனுஷி யாரும் இப்படிச் சுட முடியாது.”

“தம்பி, நாலு வருஷமா என்கூடப் பேசிக்கிட்டேதானே ஆடினீங்க? அப்ப பேசினது யாரு, மெஷினா?”

“மெஷினே சொல்லுதேக்கா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?” என்று வைத்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. ஒரே நாளில் அவளைக் கை கழுவிவிட்டார்கள்.

அவள் வீட்டுக்காரர் பெயின்டர். ஏணியிலிருந்து இறங்கினால் கேலிதான் அவர் பொழுதுபோக்கு. “அப்போ இத்தனை வருஷமா நான் மெஷின்கூடவா குடும்பம் நடத்தினேன்?” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, அன்று பாத்திரமெல்லாம் அவரே கழுவி வைத்தார்.

அவள் அழவில்லை. கறுவிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து அவள் இடத்தில் ‘புயல்’ என்று ஒருவனை அணியில் சேர்த்தார்கள். வந்த வேகத்தில் அணி முதலிடத்துக்கு ஏறியது. முடிந்த ஆட்டங்களை யார் வேண்டுமானாலும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்பது அந்த விளையாட்டில் ஒரு வசதி. ஊசி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தைத்த துணியைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்க்கிற பார்வை அது.

புயல் அவளைப் போலச் சீராகச் சுடவில்லை. நடுநடுவே தவறவிட்டான். தடுமாறினான். பார்த்தால் நல்ல மனுஷன்தான். ஆனால் அவள் தவறியதை மட்டும் எண்ணினாள். மூன்று சுட்டு ஒன்று தவறினான், ஐந்து சுட்டு ஒன்று, நாலு சுட்டு ஒன்று. மறுபடி மூன்று, ஐந்து, நாலு. இருபது ஆட்டத்திலும் அதேதான்.

“ஏங்க, இங்க வாங்க!” என்று கத்தினாள். “இவன் தப்பைக்கூட அளவெடுத்துப் பண்றான். இவன்தான் பாட்!”

ஆள் போலத் தெரிவதற்காகவே தவறச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாட். அது மனுஷனாம், இவள் மெஷினாம்! அன்று அவளுக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அடுப்பே பற்றவைத்திருக்கலாம்.

புகார் எழுதவில்லை. நாலு நொடிப் பதிலுக்கு இனியும் யார் எழுதுவார்கள்? இன்னும் ஓட்டிப் பார்த்தாள். புயலுக்கு மரப்பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளும் தெரிகிறான். தெரிந்தாலும் நாற்பதடிக்குள் வந்தால்தான் சுடுகிறது. வந்த அதே கணம் சுடுகிறது. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, தலைதான் அதற்குக் கணக்கு.

கோட்டைவாசலை ஒட்டி வரிசையாக வெடிமருந்துப் பீப்பாய்கள் உண்டு. குண்டு பட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் காலி. விதிமுறையின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: தன் அணியில் மூன்று பேரை ஒரே ஆட்டத்தில் கொன்றவரின் கணக்கு அந்த நிமிஷமே முடங்கும், அணியின் புள்ளி முழுவதும் பூஜ்யமாகும். விசாரணை கிடையாது, மெஷின்தான் தீர்ப்பு.

அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

முதலிடத்து அணிக்குச் சவால் விட ஒரு வழி இருந்தது. ஐம்பது ஆட்டம் ஜெயித்த எந்த அணியும் விடலாம், நேரத்தையும் குறிக்கலாம். மறுத்தால் முதலிடம் போய்விடும். லைனில் அவளுக்கு அடுத்தடுத்து உட்காருகிற மூன்று பேரைச் சேர்த்தாள். ஒருத்தி சட்டைக்குக் கை தைக்கிறவள், ஒருத்தி சட்டைப் பை தைக்கிறவள், ஒருத்தி பட்டன் வைக்கிறவள். அவர்களுக்கு அந்தப் பெயரேதான். அணிக்கு ‘மதிய மணி’ என்று பெயர் வைத்தார்கள்.

“அக்கா, எனக்குத் துப்பாக்கி எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாதே” என்றாள் பட்டன்காரி.

“உனக்குச் சாகத் தெரியுமில்ல? அது போதும்” என்றாள் ஊசி.

சிக்கல் அங்கில்லை, ஊசியின் கையில்தான் இருந்தது. புதுக் கணக்குத் தொடங்கிய இரண்டாம் நாளே அதே கடிதம் வந்துவிட்டது. வேறு கணக்குத் தொடங்கினாள். இந்தத் தடவை தப்புச் செய்யப் பழகினாள். குலுங்குகிற பஸ்ஸில் நின்றுகொண்டு சுட்டாள். வீட்டுக்காரரை முதுகில் தட்டச் சொல்லிவிட்டுச் சுட்டாள்.

“ஊர்ல எல்லாரும் ஒழுங்கா வரணும்னு பழகுவாங்க. என் பொண்டாட்டி கெட்டுப்போகப் பழகுறா” என்று அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டு மாதத்தில் கை கெட்டது. கணக்கு தப்பித்தது. நாற்பத்தோராவது ஜெயமும் வந்தது. அந்த வாரம்தான் செக்கிங் மேசையிலிருந்து ஒரு சட்டை திரும்பி வந்தது. காலர் முனையில் தையல் விளிம்பைவிட்டு இரண்டு நூல் உள்ளே போயிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை. செக்கிங்காரம்மாவே எழுந்து வந்து, “இது உன்னோடதா பாரு, வேற லைன் பீஸ் கலந்திருக்கும்” என்று மெல்லச் சொன்னாள்.

அவளுடையதுதான். உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். பெயரைப் பிடுங்கினார்கள் சரி, கையையுமா? அன்று சாப்பாட்டு மேசையில் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. “இன்னும் ஒன்பது ஆட்டம். சீக்கிரம் முடிக்கணும்” என்றாள். மூவரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாக மென்று முடித்தார்கள்.

ஐம்பதாவது ஜெயத்துக்கு மறுநாள் சவால் போட்டாள், மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு. முதலிடத்து ஆட்டத்தை எப்போதும் ஆயிரக்கணக்கானவர்கள் நேரலையில் பார்ப்பார்கள். மதிய மணி யாரென்று தலைவருக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, “சாப்பிடற நேரத்துல வந்திருக்காங்க, சீக்கிரம் முடிச்சு அனுப்பிடுவோம்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ஊசிக்கு நன்றாகப் பழக்கம்.

சாப்பாட்டு மேசையிலேயே நாலு போனிலும் ஆட்டம் தொடங்கியது. பட்டன்காரி முதல் நிமிஷத்திலேயே செத்தாள். பைக்காரி சுவருக்குப் பின்னால் போய்ப் பதுங்கியும் புயல் பலகையோடு சேர்த்துச் சுட்டது. கைக்காரி கோட்டையை மூன்று சுற்று ஓடி, தலைவரின் ஆள் ஒருவன் காலில் ஒரு குண்டும் வைத்துவிட்டுத்தான் செத்தாள். செத்த மூவரும் ஊசிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். பைக்காரியின் விரல் ஊசியின் தோளில் அழுந்தியது.

எதிரணி நாலு பேரும் வாசலுக்கு வந்து பீப்பாய்களை ஒட்டி நின்றார்கள். எதிரில் மிஞ்சியிருப்பது ஒரே ஆள். அதுவும் எங்கோ பயந்து ஒளிந்திருக்கிறது, நமக்கென்ன பயம் என்று நினைத்திருப்பார்கள். பத்து நொடி எண்ணிக்கை ஓடத் தொடங்கியது.

ஊசி பலகைக்குப் பின்னால் நாற்பத்தோராவது அடியில் நின்றாள். அவளுக்கும் புயலுக்கும் நடுவே நேர்க்கோட்டில் ஒரு பீப்பாய்.

“போக்கா” என்றாள் கைக்காரி. “ஏழு ஆயிடுச்சு, போக்கா!”

எட்டாவது நொடியில் ஓர் அடி எடுத்து வைத்தாள். துப்பாக்கியைத் தூக்கக்கூட இல்லை. புயல் சடாரென்று திரும்பியது. கண்ணுக்கே தெரியாத தலையைக் குறிவைத்துச் சுட்டது.

வாசல் வெடித்தது. நாலு பேரும் ஒன்றாகப் போனார்கள். திரையில் எழுத்து ஓடியது: ‘புயல் தன் அணியினர் மூவரைக் கொன்றார். கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. அணியின் புள்ளிகள்: பூஜ்யம்.’ அதற்கும் நாலே நொடிதான் ஆனது. முதல் தடவையாக அந்த வேகம் அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்று பெண்களும் போட்ட கூச்சலில் அடுத்த மேசைக்காரர்கள் யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் பேசிக்கொள்ள இரண்டு நிமிஷம் உண்டு. பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் அது கேட்கும். ஊசி வாயைத் திறந்தாள்.

“என்ன தம்பி, சீக்கிரம் முடிச்சு அனுப்பிட்டீங்க போல?”

“அக்கா? நீங்களா?” என்றது தலைவரின் குரல்.

“நானேதான். மனுஷி யாரும் இப்படிச் சுட முடியாதுன்னு சொன்னீங்களே, அதான் இன்னிக்கு ஒரு குண்டுகூடச் சுடல. உங்க ஆளே சுட்டுக்கிட்டான். பலகைக்குப் பின்னால இருந்த என் தலை அவனுக்கு எப்படித் தம்பி தெரிஞ்சுது?”

“அக்கா, நாலு வருஷப் புள்ளி அக்கா…”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அது பாட்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

கோபம் வந்தால் மனுஷன் உளறிவிடுவான், தலைவரும் உளறினார். “தெரியும்! தெரிஞ்சா என்ன? உங்களைப் பிடிச்ச மெஷின் அதைப் பிடிக்கலையே! நான் என்ன பண்ண?”

ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவருக்கு உறைப்பதற்குள் இரண்டு நிமிஷம் முடிந்து குரல் அறுந்தது.

மறுநாள் ‘அக்கா, மன்னிச்சிடுங்க, நீங்க ஏமாத்தலன்னு நானே எல்லாருக்கும் எழுதிட்டேன், திரும்ப வந்துடுங்க’ என்று செய்தி அனுப்பினார். எழுதியிருந்தார்தான், அவளும் படித்தாள். படித்ததை மூவருக்கும் சத்தமாக வாசித்தும் காட்டினாள். அவருக்கு மட்டும் பதில் போடவில்லை. நாலு நொடியில் போடலாம். ஆனால் நாலு மாதம் அவர் காத்திருக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

அன்று மதியம் அவள் ஒரே ஓர் ஆட்டம் ஆடினாள். பஸ் குலுங்கல் இல்லை, முதுகில் தட்டல் இல்லை. காலர் தைக்கிற கையை அப்படியே இறக்கிவிட்டாள். டக், டக், டக். கெட்டுப்போன கை முதலில் கொஞ்சம் தடுமாறியது. இரண்டாவது நிமிஷத்தில் சுருதி கூடியது. அதன் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை. ஐந்தாவது நிமிஷத்தில் எதிரில் ஆளே இல்லை.

“அக்கா, இப்படிச் சுட்டா மறுபடி தூக்கிடுவாங்க” என்றாள் பட்டன்காரி.

“தூக்கட்டும்.”

மூன்றரை மணிக்குப் போன் அதிர்ந்தது. ‘உங்கள் ஆட்டம் மனிதக் கைகளால் ஆடப்பட்டதல்ல…’ ஊசி அதை முழுக்கப் படித்தாள். இந்தத் தடவை மேல்முறையீடு எழுதவில்லை, அழிக்கவும் இல்லை. போனைப் பக்கத்து மெஷின்களுக்கு ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டினாள்.

பிறகு அடுத்த காலரை எடுத்துத் திருப்பினாள். பக்கத்து மெஷினில் இருந்த கைக்காரி மனதுக்குள் நொடியை எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது.