2.7 வோல்ட்

நம்பினால் நம்புங்கள், நடந்தது நடந்ததுதான். தாராவியில் இருபது வருஷமாக மிக்ஸி, டிவி, சார்ஜர் என்று பழுது பார்க்கும் ரெனால்டுக்குக் கதை கட்டத் தெரியாது. மீட்டர் காட்டுவதைத்தான் சொல்வான்.

அவன் மனைவி ஷைனிக்குத் தசை தளரும் நோய். பேட்டரி வீல்சேரில்தான் வீட்டுக்குள் வளைய வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏங்க, பெருவெரலு தள்ள மாட்டேங்குது. இந்த ஜாய்ஸ்டிக்க கொஞ்சம் லேசாக்கித் தாங்க" என்றாள். மீட்டர் வைத்துப் பார்த்தான். தொடாமல் விட்டால் 2.5 வோல்ட். அவள் மூச்சைப் பிடித்துத் தள்ளினால் 2.7. மூன்றைத் தொட்டால்தான் சக்கரம் உருளும்.

"நாளைக்குப் பாத்துக்கிடலாம், பிள்ள."

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு டீ கொண்டுபோனான். நாற்காலியில் ஷைனி இருந்தாள், உயிர் இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ரெனால்ட் நடமாடினான்.

நாற்பது நாள் கழித்து, நாற்காலியைச் சுனாபட்டியில் நடக்க முடியாமல் கிடந்த சேசம்மாளுக்குக் கொடுக்க முடிவு செய்தான். அந்தம்மாள் கனத்த உடம்பு. அதனால் மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலரைப் பெரிதாக மாற்றினான். பழையதை, பழைய போர்டுகள் வாங்கும் ஜீஷானிடம் கொடுத்தான். ஜாய்ஸ்டிக் தருவது 0 முதல் 5 வோல்ட். புதிய கன்ட்ரோலர் ஏற்பதோ 1 முதல் 4 வரைதான். இரண்டு பக்கமும் ரெசிஸ்டர் வைத்துச் சுருக்கினான். நடு 2.5. அசையாமல் நின்றது.

மணி 4:20.

ஜாய்ஸ்டிக்கில் வைத்த மீட்டரில் 2.7.

யாரும் தொடவில்லை... சோல்டர் விட்டிருக்கும் என்று மறுபடி பற்றவைத்தான். 2.7. சரியாக 4:51-க்குத் தானாகவே 2.5-க்கு இறங்கியது.

மறுநாளும் 4:20. மறுபடி 2.7. மறுபடி 4:51.

மூன்றாம் நாள் ரெனால்ட் சோல்டரைத் தொடவில்லை. அது யாருடைய எண் என்று அவனுக்குத் தெரியாதா? 2.7 வந்தாலே சக்கரம் உருளும்படி மாற்றினான். உள்ளறையில், அவள் இருந்த இடத்திலேயே நாற்காலியை விட்டான். திரைக்கு இந்தப் பக்கம் வேலை மேஜையில் வந்து உட்கார்ந்தான்.

4:20.

க்ளிக்...

கிர்ர்ர்...

திரை விலகியது. காலி நாற்காலி அவன் முழங்காலில் இடித்து நின்றது.

"வந்துட்டியா, பிள்ள..." நெஞ்சு வெடிக்க அழுதான்.

ஆறு மணிக்கு ஜீஷான் போன் செய்தான்.

"ரெனால்ட் பாய், ஒங்க பழைய கன்ட்ரோலர லேப்டாப்ல போட்டேன். ஜாய்ஸ்டிக் தள்ளுனதெல்லாம் அதுல ரெக்கார்ட் ஆயிருக்கு. கடைசி நாளு என்ன ஆச்சு? 4:20-லேர்ந்து 4:51 வர யாரோ தள்ளிக்கிட்டே இருந்திருக்காங்க... 2.7. வண்டிதான் நகரவே இல்ல."

அந்த முப்பத்தொரு நிமிஷமும் ரெனால்ட் ஏழடி தள்ளி, திரைக்கு இந்தப் பக்கம், ஒரு மிக்ஸியை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.