பழி தீர்த்த பிறகு தெரிந்த காரணம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. முதல்நாள் வரப்புத் தகராறில் அவரைச் சபித்த கொழுந்தன்தான் காரணம் என்று நானே முடிவுகட்டினேன்.

கொழுந்தன் மகளுக்கு அரிமளத்தில் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கே போய், "அது செய்வினை வைக்கிற குடும்பங்க" என்று சொல்லிச் சம்பந்தத்தைக் கலைத்தேன். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில், ஆயிரக்கணக்கான இசிஜிகளைப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர் புரோகிராம் என் கணவரின் இசிஜியைப் பார்த்து அவர் இதயத்தைச் சந்தேகப்பட்டது. மார்பில் கருவி ஒட்டிப் பார்த்ததில் உறுதியானது.

"துடிப்பு அப்பப்ப தப்புதும்மா. அதுல ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கு" என்றார் டாக்டர்.

வெறுக்க ஆளில்லாமல் போனதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

கொழுந்தன் வீட்டில் அவர் மகள்தான் கதவைத் திறந்தாள். "நான் சொன்னது பொய்ம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும் பெரியம்மா. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

போனேன். மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது.