மணியடித்து வளர்த்த கவனம்

மாணவர்களின் கவனம் சிதறுகிறது என்று யாராவது மேடையில் பேசத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடத் தோன்றும். பெரும்பாலும் போயும் விடுவேன். பினாங்கில் நான் படித்த காலத்தில் அந்தப் பேச்சை அளவுக்கு மேல் கேட்டாகிவிட்டது. பேசியவர்களில் ஒருவராவது ஒரு பாடத்தை உட்கார்ந்து முழுதாகப் படித்தவராக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அப்போது பேசும் படம் புதிதாக வந்திருந்தது. ராட்டினமும் ரோங்கெங் என்னும் மலாய் நடனமுமாகக் கேளிக்கைப் பூங்காக்கள் ஜார்ஜ் டவுனில் முளைத்துக்கொண்டிருந்தன. மறுபக்கம் ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆளைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறியவன் ஏதாவது ஓர் ஆபீஸிலோ பள்ளிக்கூடத்திலோ நுழைந்துவிடலாம், தேறாதவன் தெருவில்தான். அந்தப் பரீட்சையில் எங்கள் தமிழ்ப் பையன்கள் வரிசையாகக் கோட்டை விட்டபோது ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவர்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். சங்கம் தொடங்கினார்கள்.

சங்கத்துக்குத் தலைவர், துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் அனுப்பும் வியாபாரி. செயலாளர், அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற கிராணி, அதாவது குமாஸ்தா. சூலியா தெருவில் ஒரு கடையின் மாடியைப் பிடித்து, மாணவர் படிப்பகம் என்று பலகை மாட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் நேராக அங்கே வந்து உட்கார வேண்டும். பந்து விளையாடக் கூடாது, படம் பார்க்கக் கூடாது, பூங்கா இருக்கும் திசையில் தலை வைத்தும் படுக்கக் கூடாது. ஓய்வு என்பது அந்த மாடியில் கெட்ட வார்த்தை. அதைக் கெட்ட வார்த்தை என்று எங்களுக்கு விளக்கிய செயலாளர், விளக்கி முடித்த கையோடு சாய்வு நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவார்.

"படம், பந்து, பூங்கா. இந்த மூணும்தான் தமிழ்ப் பையன கெடுக்குது லா. மூணையும் வெட்டிட்டா எல்லாப் பயலும் பாஸ்!" என்பார் தலைவர். இதை ஒரு நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. தினமும் வந்து, தினமும் முதலிலிருந்து சொல்வார். பிறகு யாராவது பிரமுகரை மாடிக்கு அழைத்து வந்து எங்களைக் காட்டுவார். நாங்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். வந்தவர் சும்மா போவாரா? கவனத்தைச் சிதற விடாதீர்கள் என்று அவர் பங்குக்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத்தான் போவார். புத்தகத்தைத் திறக்கும்போது வெளிச்சம் போயிருக்கும்.

அந்த மாடியில் உண்மையாகவே படிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். என் வகுப்புத்தான், என் நண்பன். அவனுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அதே தெருவில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை. ராமநாதபுரத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். சிறு வயதில் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாகத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். அதனால் வயது கூடிவிட்டது. இந்த முறை தேறாவிட்டால் மறுபடி வகுப்பில் உட்கார விடமாட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். தேறினால் வாத்தியார் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. தெருவில் நடக்கும்போதே கடைப் பலகைகளில் விரலால் முக்கோணம் வரைந்து எனக்குப் பாடம் எடுப்பான்.

படிப்பகம் வருவதற்கு முன் அவன் படித்த விதம் எனக்கு நன்றாகத் தெரியும். கடையின் கடைசி மேசையில் உட்காருவான். தேநீர் ஆற்றும் சத்தம், ரிக்‌ஷாக்காரர்களின் சண்டை, ரொட்டிக் கல்லில் கரண்டி அடிக்கும் சத்தம் எதுவும் அவன் காதில் ஏறாது. மனம் களைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கடலோரத்துப் பாடாங் திடலுக்கு வந்து எங்களோடு பந்து உதைப்பான். வேர்க்க வேர்க்கத் திரும்பிப் போய்க் குழாயடியில் குளித்துவிட்டு மறுபடி உட்காருவான். அவ்வளவுதான் அவன் வித்தை. அதில் சங்கத்துக்கு இடமே இல்லை. அதனால்தானோ என்னவோ சங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. தலைவர் கடைக்கே போய், பையனைப் படிப்பகத்துக்கு அனுப்புங்கள் என்று அத்தாவிடம் கேட்டார். அவ்வளவு பெரிய மனிதர் தன் கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதில் அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அனுப்பிவிட்டார்.

இந்த நிலையில் தமிழ்நாட்டிலிருந்து ஓர் அவதானி கப்பலில் வந்து இறங்கினார். ஒரே நேரத்தில் எட்டுக் காரியங்களில் மனத்தை வைத்து எதிலும் பிசகாமல் நடத்திக் காட்டுபவர். மேடையில் அவர் உட்கார்ந்திருக்க, ஒருவர் விட்டுவிட்டு மணி அடித்தார். ஒருவர் முதுகில் சிறு கற்களைப் போட்டார். ஒருவரோடு சதுரங்கம், ஒருவர் கொடுத்த பெருக்கல், ஒருவர் கேட்ட வெண்பா, இடையிடையே அரட்டைக்குப் பதில், கையில் சங்கிலியைக் கழற்றுவது, வாயில் கடவுள் பெயர். கடைசியில் மணி எத்தனை, கல் எத்தனை என்று சொல்லி, வெண்பாவையும் பாடி முடித்தார். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். அந்த மனிதரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் வித்தையைக் காட்டி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு, அடுத்த கப்பலில் ரங்கூனுக்குப் போய்விட்டார். பார்த்த முட்டாள்கள் இங்கேயே இருந்தார்கள்.

மறுநாள் படிப்பகத்தில் தலைவர் முகம் ஜொலித்தது. "எட்டுப் பக்கம் இழுத்தும் அந்த மனுசன் மனசு அசையல பாத்தீங்களா? அப்படிப் பழக்கிட்டா ஒத்தப் பரீட்சைப் பேப்பர் எம்மாத்திரம்? நம்ம பையன்களுக்கும் பழக்குவோம் லா!" என்றார். செயலாளர் தூக்கம் கலைந்து, "நல்ல யோசனை, நல்ல யோசனை" என்றார். எந்த யோசனை என்று அவருக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

அன்று தொடங்கியது கூத்து. நாங்கள் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருக்கும்போது செயலாளர் பித்தளை மணியை அடிப்பார். தலைவர் பின்னால் நடந்துகொண்டே ஒவ்வொருவன் முதுகிலும் கூழாங்கல்லைப் போடுவார். நடுவில் திடீரென்று, நேற்று என்ன குழம்பு என்று கேட்பார். கணக்குக்கு விடை, மணிக்குக் கணக்கு, கல்லுக்குக் கணக்கு, குழம்புக்குப் பதில் எல்லாம் சரியாக வர வேண்டும். கவனம் கெடுகிறது என்று எங்களிடமிருந்து பந்தைப் பிடுங்கியவர்கள்தான் இவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நான் சில நாள் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "ஐயா, மணிய நிறுத்தினீங்கன்னா இந்தக் கணக்கப் போட்டுருவேன்" என்றேன். மாடியே சிரித்தது. "இவனுக்குக் கவனமே கெடையாது. மத்தவனையும் கெடுத்துருவான். நாளையிலேர்ந்து வராத தம்பி" என்றார் தலைவர். அந்தச் சங்கம் யாருக்காவது உருப்படியாக ஓர் உதவி செய்தது என்றால் அது எனக்குச் செய்ததுதான். நான் பாடாங்குக்குப் போனேன், பந்து உதைத்தேன், சனிக்கிழமை திரைக்கு முன்னாலேயே இருக்கும் மலிவு பெஞ்சில் படம் பார்த்தேன், வீட்டுக்கு வந்து படித்தேன். நான் மந்தமானவன்தான். ஆனால் ஆடிவிட்டு வந்து உட்கார்ந்தால் பாடம் மண்டையில் ஏறியது.

என் நண்பன் மாட்டிக்கொண்டான். அவனால் அந்த வித்தையைச் செய்ய முடிந்தது என்பதுதான் அவனுக்கு வந்த சனியன். மணியையும் கல்லையும் விடாமல் எண்ணிக்கொண்டே கணக்கையும் போட்டான். தலைவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சங்கத்தின் ஆண்டு விழாவில் அவன் மேடையேறி எட்டையும் செய்து காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. விழா நவம்பரில், பரீட்சை டிசம்பரில். இனி மற்றவர்களுக்குப் படிப்பு, அவனுக்கு ஒத்திகை. சாயங்காலம் முழுக்க அவனைச் சுற்றி எட்டுப் பேர் நின்றுகொண்டு ஆளுக்கொரு பக்கம் பிய்த்தார்கள்.

ஒருநாள் அவனைத் தெருவில் பிடித்து, "டேய், ஜியோமெட்ரி எவ்வளவு முடிச்ச?" என்று கேட்டேன்.

"எங்கடா முடிக்கிறது? புத்தகத்த எடுத்தா அடுத்த வீட்டுக்காரன் எத்தன தடவ இருமுறான்னு எண்ணுறேன். படுத்தா கூரையில மழை எண்ணுறேன். ரொம்ப சூசா, பெரிய தொல்லையா இருக்கு" என்றான்.

"போகாத. பேசாம பாடாங்குக்கு வா."

"அத்தாவுக்கு மேடையில நாற்காலி போடுறாங்களாம்டா. கோட்டு தைக்கக் குடுத்துட்டாரு" என்றான்.

விழா அமர்க்களமாக நடந்தது. மறுக்க மாட்டேன். கோட்டுப் போட்ட அத்தா மேடையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என் நண்பன் எட்டிலும் பிசகவில்லை. கைதட்டல் தெருமுனை வரை கேட்டிருக்கும். தலைவர் அவன் கழுத்தில் பதக்கம் மாட்டி, கவனம் என்றால் இது, இவன் பரீட்சையை ஊதித் தள்ளிவிடுவான் என்று முழங்கினார். பிறகு பதக்கத்தோடு அவனை நிற்க வைத்து, தான் அவனைப் பழக்கிய கதையை விரிவாகச் சொன்னார். அவன் நின்றபடியே எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். கைவிரல் அசைந்தது எனக்குத் தெரிந்தது.

பரீட்சை மண்டபத்தில் அவன் எனக்கு முன் வரிசையில் இருந்தான். கூரையில் மின்விசிறி சுற்றியது. மேற்பார்வையாளர் துரை பூட்ஸ் காலோடு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். வெளியே கப்பல் ஊதும் சத்தம், மாட்டு வண்டிச் சத்தம். எல்லா வருடமும் எல்லாப் பரீட்சையிலும் இருக்கிற சத்தம்தான். ஜியோமெட்ரி தாள் வந்ததும் எனக்கு அவனை நினைத்துத்தான் சந்தோஷம். எனக்கே பாதிக்கு மேல் தெரிந்திருந்தது. அவனுக்கு அது அல்வாத் துண்டு. ஆனால் நான் தலை நிமிர்ந்தபோதெல்லாம் அவன் தலை துரையின் காலைத் தொடர்ந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திரும்பிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் ஓடிப்போய், "மூணாவது கணக்கு போட்டியா?" என்று கேட்டேன்.

"மூணாவது என்ன கேட்டிருந்தான்?" என்றான். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "துரை எத்தன சுத்து சுத்துனாருன்னு கேளு, சொல்றேன். விசிறி எப்ப எப்ப கிறீச்சுன்னுச்சுன்னு கேளு, சொல்றேன். பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேக்காதடா" என்று அழுதான். படிப்பில் என்னை ஒருபோதும் கிட்டே நெருங்க விடாதவன், நடுத்தெருவில் என் தோளில் முகத்தை வைத்து அழுதான்.

முடிவுகள் வந்தன. நான் மூன்றாம் வகுப்பில் தேறினேன். அவன் தேறவில்லை. பள்ளிக்கூடம் சொன்னபடியே வயதைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டது. அந்த வருடம் படிப்பகத்தில் மாட்டிய பையன்களில் தேறியவர்கள் மிகக் குறைவு. சங்கம் உடனே கூடி, காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டது. விழா முடிந்ததும் பையன்கள் கொஞ்சம் ஓய்வு எடுத்துவிட்டார்களாம்.

சில வாரம் கழித்து நான் அவன் கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அவன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான். அத்தா கல்லாவில் இருந்தார். தலைவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வருத்தம் தெரிவிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த ஆளைப் பற்றி அவ்வளவு பழகிய பிறகும் அப்படி நினைத்ததற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும்.

"நடந்தது நல்லதுக்குத்தான் பாய்" என்றார் அத்தாவிடம். "இனிமே படிப்பு, பரீட்சைன்னு பையன் கவனம் செதறாது பாருங்க. முழுசா இதுலயே எறங்கலாம். அடுத்த விழாவுக்கு எட்டு வேணாம், பதினாறு செஞ்சிருவோம் லா!"

கிளாஸை எடுத்து அந்த முகத்தில் வீசியிருப்பேன். அதற்குள் என் நண்பன் தேநீரை ஆற்றி முடித்து, நுரை சிந்தாமல் கொண்டுவந்து தலைவர் முன்னால் வைத்தான். குரல் உயரவே இல்லை.

"தலைவரே, வாத்தியாராகணும்னு ஒண்ணே ஒண்ணு மேலதான் நான் மனச வெச்சிருந்தேன். அத நீங்க எட்டாப் பிச்சிட்டீங்க. இனிமே எத்தனையா வேணும்னாலும் பிச்சுக்கங்க."

தலைவர் மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா பாய், பையன் ஒத்துக்கிட்டான்!" என்றார்.